அண்டா விழுந்த இடம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் சண்டைக்கு வரக்கூடாது. கணினிக்கு முன்னால் நான். என் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி ஸ்டுடியோ முதலாளி ஜெயராஜ் அண்ணன். சுவரோரப் பெஞ்சில், பிள்ளைக்குக் காது குத்தி முடித்திருந்த ஈஸ்வரி அக்கா. அவர் தோளில் தூங்கிய அந்தப் பிள்ளை. பக்கத்தில் அக்காவின் கூடப்பிறந்தவர், பிள்ளைக்குத் தாய்மாமன், சுருளிப்பட்டி முருகேசன். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, அக்காவின் நாத்தனார் புருஷன் தங்கராசு. ஆக ஆறு பேர். மேஜைக்கு அடியில் முருகேசன் அண்ணன் கொண்டுவந்த ஒரு பை பன்னீர்த் திராட்சை. சூடான கணினியின் வாசமும் அந்தப் பழத்தின் வாசமும் கலந்து, அறை ஏதோ மருந்துக்கடை மாதிரி மணத்தது.

இதெல்லாம் இன்று காலை நினைவுக்கு வரக் காரணம் என் மகள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த வீடியோவைப் போனிலேயே வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். படம் ஒரு போனில், சத்தம் இன்னொரு போனில். "ரெண்டையும் எப்படிடி பொருத்துவ?" என்று கேட்டேன். "அதுவே பொருத்திக்கிரும்மா" என்று ஒரு தட்டுத் தட்டினாள். பொருந்திவிட்டது. அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குக்கர் மூடி தரையில் விழுந்தது. டங். என் வலது கை தானாகவே சாப்பாட்டு மேஜையில் மவுஸைத் தேடிப் போனது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் நான். தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த ஸ்டுடியோவுக்குக் கல்லாவில் உட்காரத்தான் போனேன். எடிட்டிங் பார்த்த பையன் திருப்பூருக்குப் போய்விட்டதால், என்னைக் கணினிக்கு முன்னால் தள்ளிவிட்டார்கள். நான் எப்படிப்பட்டவள் என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறிய பிறகு, பூட்டினோமா என்று பார்க்க இறங்கித் திரும்பி நடப்பவள். அப்படிப்பட்டவளிடம் ஊராருடைய விசேஷங்களை எல்லாம் நம்பிக் கொடுத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும்.

வேலை என்னவென்றால், திரையில் மேலே ஒரு பட்டையாகப் படம் ஓடும், கீழே ஒரு பட்டையாகச் சத்தம் ஓடும். தேனியிலிருந்து போடிக்கு இரண்டு பஸ் பக்கம் பக்கமாகப் போகிற மாதிரி. ஒன்று நின்று ஆள் ஏற்றினால் மற்றதும் நிற்க வேண்டும். படத்தில் அரை நிமிடம் வெட்டினால் சத்தத்திலும் அரை நிமிடம் வெட்ட வேண்டும். சத்தம் வேண்டுமென்றால் வெட்டிய இடத்தில் வேறு படம் வைக்க வேண்டும். மறந்தால் அதற்குப் பிறகு வருவது எல்லாமே இடம் மாறிப் போகும். இதை யோசித்து யோசித்தே எனக்குச் சோறு இறங்காது.

எங்கள் பக்கத்துக் காதுகுத்தில் பெரிய விஷயம் காது இல்லை, சீர்தான். தாய்மாமன் கொட்டு மேளத்தோடு சீர் கொண்டு வரும்போது மைக்செட்டுக்காரர் ஒவ்வொன்றாகச் சொல்லுவார். யார், எந்த ஊர், என்ன கொண்டு வருகிறார் என்று. கேமராவில் கொட்டுச் சத்தம் மட்டுமே விழும் என்பதால், அவர் பேச்சை மைக்செட்டிலிருந்து தனியாகப் பதிந்துகொள்வோம். படத்தோடு சேர்ப்பது என் தலைவிதி.

ஈஸ்வரி அக்கா வாழ்க்கைப்பட்டது கடமலைக்குண்டில். அந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மழை பெய்து, சுருளிப்பட்டிப் பக்கம், முருகேசன் அண்ணன் தோட்டம் உட்பட, முக்கால்வாசித் திராட்சை பந்தலிலேயே வெடித்துப் போனது. மாமன் இந்த வருஷம் என்னத்தைக் கொண்டு வரப் போகிறான் என்று அக்காவின் புகுந்த வீட்டில் ஒரு பேச்சு. முருகேசன் அண்ணன் எல்லாமே கொண்டு வந்தார். ஆனால் காதுகுத்துப் பந்தல் வாசலில் கால் தடுக்கி, கையிலிருந்த பித்தளை அண்டா கீழே விழுந்து உருண்டது. சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

மறு வாரம் அவர் மட்டும் தனியாக மாடியேறி வந்தார். "தாயி, அந்த அண்டா விழுகுறத மட்டும் எடுத்துருத்தா. ஒனக்குன்னு முந்நூறு ரூவா தனியாத் தாரேன். தங்கச்சிக்குத் தெரிய வேணாம்" என்றார். எடுத்தேன். அவர் பேரை மைக்கில் சொல்லுவது அந்த இடத்தில்தான் என்பதால் சத்தத்தைத் தொடாமல், மைக்கில் விழுந்திருந்த டங் என்ற ஒலியை மட்டும் அமுக்கிவிட்டு, வெட்டிய இடத்தில் பந்தல் தோரணத்தை வைத்தேன். வைத்த கையோடு, அதைச் சேமிப்பதற்குள் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது வெட்டு இருந்தது, தோரணம் இல்லை. எனக்கோ தோரணம் வைத்த ஞாபகம் மட்டும் பத்திரமாக இருந்தது. அரை நிமிடப் படத்தின் இடத்தில் அதற்கடுத்த படம் வந்து உட்கார்ந்துகொண்டதை நான் பார்க்கவில்லை.

இப்படியாகத்தான், தூங்கிய பிள்ளையைத் தவிர எல்லாரும் அந்த அறையில், சிடியில் பதிவதற்கு முன் படம் ஓடுவதைப் பார்த்தோம். மைக்செட்டுக்காரர் கணீரென்று ஆரம்பித்தார். "தாய்மாமன் சுருளிப்பட்டி முருகேசன் அவர்கள் கொண்டு வரும் சீர். பித்தளை அண்டா ஒன்று." திரையில் ஈஸ்வரி அக்காவின் மாமியார் நின்றார். "கிடாய் இரண்டு." மாமனாரும் அவர் தம்பியும் துண்டை உதறித் தோளில் போட்டார்கள். "பவுன் சங்கிலி ஒன்று." தங்கராசு வாழைப்பழத் தட்டோடு சிரித்துக்கொண்டே வந்தார். அடுத்து, முருகேசன் அண்ணன் குனிந்து பிள்ளைக்குச் சங்கிலி போடுகிறார். மைக் சொல்கிறது, "கடமலைக்குண்டு தங்கராசு, வாழைப்பழத் தட்டு ஒன்று."

ஜெயராஜ் அண்ணன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"சரியாத்தான இருக்கு. இதுல எங்கன தப்பு? இப்பிடியே பதிஞ்சு குடுத்துருங்க" என்றார் தங்கராசு.

"நீங்க சும்மா இருங்க" என்றார் ஈஸ்வரி அக்கா. "அத்தைய அண்டாங்குது, மாமாவக் கிடாங்குது. சரியாத்தான் இருக்காம்ல." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. "ஏத்தா, ஞாயித்துக்கெழம எங்க மாமியா வீட்டுல அம்புட்டுப் பேரும் உக்காந்து பாப்பாக. மாமன் வாழப்பழந்தான் கொண்டாந்தான்னு ஆயிப்போகும். அப்பறம் எத்தன வருசம் நான் அதைக் கேக்கணும்?"

"அந்த எடத்துல தோரணம், வாழ மரம்னு எதையாச்சும் போட்டு மூடிறலாம்மா" என்றார் ஜெயராஜ் அண்ணன்.

"எங்கண்ணன் சீரு வரையில வாழ மரத்தயா பாக்கணும்? அவரு நடந்து வந்தாருல்ல?"

நான் முருகேசன் அண்ணனைப் பார்த்தேன். அவர் திராட்சைப் பையைப் பார்த்தார். கடைசியில் அவரே சொன்னார். "நாந்தான் எடுக்கச் சொன்னேன். அண்டாவப் போட்டுட்டேன்ல, அசிங்கமாப் போச்சு." பிறகு என்னிடம், "விழுகுறத மட்டும் எடுத்துட்டு மத்தத வைக்க முடியாதா தாயி?" என்றார்.

முடியாது என்று சொல்ல எனக்கு வராது. ஆனாலும் சொன்னேன். அண்டா உருளுவதை மறைக்கத்தான் மைக்செட்டுக்காரர் அந்த நேரம் பார்த்து அவர் பேரைச் சத்தமாகச் சொல்லியிருந்தார். படத்தையும் சத்தத்தையும் சேர்த்து வெட்டினால் பேர் போய்விடும். பேர் வேண்டுமென்றால், அவர் நடந்து வருவதும் வேண்டுமென்றால், அண்டா விழத்தான் வேண்டும்.

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "பேரு இருக்கட்டும். விழுந்தா விழுந்துட்டுப் போகுது."

சினிமாவில் படத்தையும் சத்தத்தையும் பொருத்த ஒரு பலகையைத் தட்டிக் காட்டுவார்களாம். எங்களுக்கு அந்தப் பலகை அண்டாதான். வெட்டிய படத்தைத் திரும்பக் கொண்டு வந்தேன். அமுக்கிய ஒலியை எழுப்பினேன். கீழ்ப் பட்டையில் அது தனித் தென்னை மரம் மாதிரி நின்றது. மேலே, அண்டா தரையைத் தொடும் அந்த ஒரு படத்தைத் தேடி, மெல்ல மெல்ல நகர்த்தினேன். "இன்னும் கொஞ்சம் முன்ன. ஏ, தாண்டிட்ட. ஆங், அங்கனதான்" என்று பின்னாலிருந்து ஜெயராஜ் அண்ணன். ஓடவிட்டேன்.

டங்.

பிள்ளை விழித்துக்கொண்டது. எல்லாருக்கும் பயம். அது வாயைப் பிளந்து சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. பிறகு மாமியார் மாமியாராக வந்தார், கிடாய் கிடாயாக வந்தது. பழத்தட்டு தங்கராசுவிடமும் சங்கிலி முருகேசன் அண்ணனிடமும் போய்ச் சேர்ந்தன.

"ஏ முருகேசு, ஒன் பவுன எங்கிட்ட அஞ்சு நிமிசங்கூட வச்சிருக்க விடமாட்டேங்குற" என்றார் தங்கராசு.

"இன்னொருக்காப் போடு தாயி" என்றார் முருகேசன் அண்ணன், மெதுவாக.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை ஈஸ்வரி அக்கா கடைக்குப் போன் போட்டார். அண்டா விழுந்ததும் கூடத்தில் எல்லாரும் மாமியார் முகத்தைப் பார்த்தார்களாம். மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தாராம். "என்னா கனம் பாரு. தகரமா இருந்தா இப்பிடி மணியடிச்ச மாதிரி கேக்குமா? மழை வருசத்துலயும் நல்ல பித்தளையாத்தான் கொண்டாந்துருக்காக." அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த சிடியைப் போட்டாலே பிள்ளைகள் அந்த இடத்துக்காகக் காத்திருந்து, கூடச் சேர்ந்து டங் என்று கத்துமாம்.

இப்போது அந்த மாடியில் போன் உறை விற்கிறார்கள். ஜெயராஜ் அண்ணன் மகனோடு கோவையில் இருக்கிறார். சிடி கீறல் விழுந்து போனது, கீறல் இல்லாவிட்டாலும் போட்டுப் பார்க்கப் பெட்டி இல்லை. சீர் வரும்போது பாட்டுப் போட்டுவிடுகிறார்கள், யார் என்ன கொண்டு வந்தார் என்று மைக்கில் பேர் சொல்லக் கேட்டுப் பல காலம் ஆகிறது. பொருத்துவதற்கு ஆளும் வேண்டாம், அண்டாவும் வேண்டாம். அப்படியும் மகள் தூங்கிய பிறகு அவள் பொருத்தியதை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்க்கத்தான் போகிறேன்.

முருகேசன் அண்ணனைக் கம்பம் சந்தையில் எப்போதாவது பார்ப்பேன். வெட்டச் சொன்னதற்குப் பேசிய பணம், வெட்டியதைத்தான் திரும்பச் சேர்த்துவிட்டேனே என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். "திரும்பச் சேத்ததுக்குத்தான்த்தா அது. மறக்கல, தாரேன்" என்பார். சட்டைப்பையையும் தொட்டுப் பார்ப்பார். ஆக, பாக்கி முந்நூறு ரூபாய்.