ஆர்க்கிட் மொட்டும் என் மீசையும்

பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. விடிந்தும் விடியாமல், வேப்பம்பட்டில் எங்கள் தெருவே எழுந்திருக்கும்படி கத்தினேன் — "பூத்துடுச்சு!"

பூத்தது ஆர்க்கிட். ஜன்னலோரத் தொட்டியில், சாண் உயரம்கூட இல்லாத செடி. இதற்கா இத்தனை கூத்து? இருங்கள்... பணயம் என் மீசை!

கும்மிடிப்பூண்டி போகிற கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் தாமு. தினமும் சீண்டுவார். "இன்னா நைனா, நாலு இலைய வெச்சிக்கினு எத்தினி நாளு சீன் போடுவ?" என் வாய் சும்மா இருக்குமா? "பொங்கலுக்குள்ள பூக்கலேன்னா மீசைய எடுத்துடறேன்!" பஸ்ஸே கைதட்டியது. டிரைவர் ஹாரன் வேறு அடித்தார்.

பிடித்தது பேஜார். ஒருநாள் இலையிடுக்கில் பச்சையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது. பூந்தண்டு! பஸ் முழுக்க மைசூர்பாக்கு கொடுத்தேன். அடுத்த வாரம் பார்த்தால் நுனி கீழே வளைகிறது... வேர்! மைசூர்பாக்கைத் திருப்பிக் கேட்க முடியுமா?

பிறகு நிஜமாகவே தண்டு வந்தது. மூன்று மொட்டு. ஒரு காலையில் ஒன்று மஞ்சளாகித் தரையில் கிடந்தது. மறுநாள் இன்னொன்று. கண்ணாடியில் மீசையில்லாத என் முகம் தெரிந்தது — உரித்த பனங்கிழங்கு மாதிரி.

போனில் தேடினேன். பக்கத்தில் பழுத்த பழம் இருந்தால், அதிலிருந்து வரும் வாயு மொட்டை உதிர்த்துவிடுமாம். நிமிர்ந்தால்... செடிக்கு நேர் மேலே, ஜன்னல் கம்பியில், ஒரு சீப்பு பூவன்பழம்!

யோசிக்க ஏது நேரம்? நின்ற இடத்திலேயே உரித்து உரித்து விழுங்கினேன். சீப்பைக் கழற்றி வேறு அறையில் வைத்திருக்கலாமே என்பது கடைசிப் பழத்தில்தான் உறைத்தது.

தப்பிய அந்த ஒற்றை மொட்டுதான் ஞாயிறன்று விரிந்தது. ஊதா நிறம், நடுவில் மஞ்சள் நாக்கு. அப்படி ஒரு அழகு! தாமு நேரில் வந்தார். பிளாஸ்டிக்கோ என்று தொட்டே பார்த்தார். "தப்பிச்சிக்கின நைனா!" என்று கை கொடுத்தார். நான் மீசையை முறுக்கினேன்.

காபி கொண்டுவந்த மனைவி முகத்தில் மட்டும் சுரத்தே இல்லை. "கல்யாணம் ஆன நாளா இந்த மீசை எப்போ போவும்னு பாத்துக்கினு இருக்கேன். இந்த வாட்டியாவது போவும்னு நெனச்சேன்..."

சமையலறையில் அத்தனை இடம் இருக்க, அந்தச் சீப்பு ஏன் ஜன்னலுக்கு வந்தது?

செடியில் அடுத்த தண்டு எட்டிப் பார்க்கிறது. இனிமேல் எங்கள் வீட்டுக்குப் பழம் வாங்குவது நான்தான்.