வரம்பு கட்டிய மலை

எனக்குக் கலியாணம் நடந்தது மலைக்கோயிலில் என்றால் விசுவமடுவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அங்கே ஏது மலை? மழை பெய்தால் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் தண்ணீரே திகைத்து நிற்கிற தரை அது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அந்த ஊரில் மலை வேண்டும் என்று அடம்பிடித்தவர் என் அம்மா. அவர் பிடிவாதம் தெரிந்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

எங்கள் குடும்பம் மலையகத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வன்னியிலுள்ள விசுவமடுவுக்கு வந்தது. இனக்கலவரத்துக்குப் பயந்து புறப்பட்டபோது மற்றவர்கள் சட்டி பானைகளைக் கட்டினார்கள். அம்மா தோட்டத்து மலையுச்சியிலிருந்த மாரியம்மன் கோயிலுக்கு ஏறிப்போய், மஞ்சள் பூசிய கல் ஒன்றைச் சேலையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். இடுப்பில் அம்மன் இருந்ததால் நான் வழிநெடுக நடந்தேன். எனக்கு அப்போது நடக்கிற வயதுதான் என்றாலும், அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது.

எங்கள் அம்மன் ஏழு அக்கா தங்கைகளில் கடைசி. ஏழு பேரும் ஒன்றாகப் பொங்கிய நாளில், மூத்தவர்களுக்கெல்லாம் பரிமாறிவிட்டு இவளுக்கு அடிப்பானையைச் சுரண்டிப் போட்டார்களாம். இலையைத் தூக்கி எறிந்துவிட்டு மலையேறியவள், இனிமேல் உங்கள் சத்தம் கேட்காத இடத்தில்தான் இருப்பேன் என்று உச்சியில் உட்கார்ந்துகொண்டாள். சமதரையில் வைத்தால் அக்காமாரின் கதை காதில் விழும், கோபம் வரும், ஊருக்கு ஆகாது. இதுதான் அம்மா சொன்ன வரலாறு. விசுவமடுவிலோ அம்மன் எங்கள் வளவு வேப்பமரத்தடியில், செங்கல் அடுக்கிய மேடையில் இருந்தாள். யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் கோழி காணாமல் போனாலும் அம்மனுக்கு உயரம் போதவில்லை என்பார் அம்மா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பக்கத்துக் குளத்தை ஆழமாக்கினார்கள். வெட்டிய மண்ணைக் கொட்ட இடம் தேடினார்கள். அம்மா இடம் காட்டினார். வண்டில்கள் கொட்டியது போதாதென்று எங்கள் பெண்கள் கூடையை முதுகில் போட்டு, கயிற்றை நெற்றியில் மாட்டி, தேயிலைக் கொழுந்து சுமந்த அதே நடையில் மண் சுமந்தார்கள். பனையில் பாதி உயரத்துக்கு ஒரு குன்று எழுந்தது. போர்த்தடையால் சீமெந்து கண்ணில் காணக் கிடைக்காத காலம். ஆகவே தோட்டத்தில் செய்வதுபோல உச்சியிலிருந்து சரிவாகக் கான் வெட்டினார்கள். கான் என்றால் மழைத்தண்ணீர் நிற்காமல் வழிந்து இறங்குகிற வாய்க்கால். சரிவெல்லாம் புல் நட்டார்கள். உச்சியில் கிடுகுக் கொட்டில் போட்டு அம்மனை வைத்த அன்று அம்மா ஒரு நேர்த்தி வைத்தார். அந்த மலையில் நடக்கும் முதல் கலியாணம் என்னுடையதாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையை நானே பார்த்து வைத்திருந்தேன். நான் சிறுபிள்ளைகளுக்குப் படிப்பித்த கொட்டில் பள்ளிக்கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு சைக்கிளுக்குச் செயின் கழன்றுவிடும். அந்தச் சைக்கிள்காரரின் வீட்டார் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் கண்டாவளைக்கு வந்து வயல் செய்கிற குடும்பம். தோட்டத்து ஆட்களோடு சம்பந்தமா என்று அவர்களின் உறவுகள் முகம் சுளித்ததை நான் அறிவேன். ஆனால் என் மாமனார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அம்மனுக்கு எதற்கு இவ்வளவு உயரம்? மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி கோபம் ஆறி அமர்ந்த வற்றாப்பளை, கடற்கரையோரச் சமதரைதானே என்று மரியாதையாகக் கேட்டார். அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. அவ எங்க அம்மனுக்கு அக்கா என்று சொல்லிவிட்டார். கண்ணகி ஏழு பேரில் ஒருத்தியானது அன்றைக்குத்தான். மாமனார் தேத்தண்ணியைக் குடித்தபடி, அப்படியும் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார்.

தை மாதத்தில் கலியாணம் என்று முடிவானது. மாலைக்கு ஆகும் என்று உச்சியில் செவ்வந்தி நட்டோம். ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. துணுக்காயிலிருக்கும் சொந்தங்களுக்குச் சொல்ல அம்மாவும் அப்பாவும் புறப்பட்டுப் போனார்கள். மறுநாள், நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், மாமனார் எங்கள் பக்கம் வந்தவர், தனியே மலையேறிப் பார்த்திருக்கிறார். செவ்வந்தி வாடிக் கிடந்தது. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் கானில் இறங்கி ஓடுவது வேறு தெரிந்தது. காலமெல்லாம் வாய்க்கால் தண்ணீருக்குக் காவலிருந்த கமக்காரனுக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? கானின் வாயை அடைத்து, உச்சியைச் சுற்றி வயலுக்குக் கட்டுவதுபோல் மண்வரம்பு கட்டி, மண்வெட்டியின் முதுகால் தட்டித் தட்டி மெழுகியதுபோல் ஆக்கிவிட்டு, திருப்தியோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இரண்டொரு நாளில் வானம் உடைத்துக்கொண்டு ஊற்றியது. உச்சியில் ஒரு சின்ன வயல் உண்டாகி, அது நிரம்பி, ஊறி, மலையின் ஒரு பக்கம் பிளந்தது. காலையில் பார்த்தால் செவ்வந்தியும் கொட்டிலும் சேற்றோடு கீழே கிடந்தன. எங்கள் அம்மன் ஒழுங்கைப் பாதையோரம், தன் இடுப்பளவு சேற்றில், நிமிர்ந்து நின்றாள்.

அன்று திரும்பி வந்த அம்மா அம்மனைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், பிறகு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டவில்லை. "அம்மனுக்கு இஷ்டம் இல்ல. அதான் எறங்கிட்டா. இந்தக் கலியாணம் வேணாம்" என்றார்.

நான் சத்தம்போட்டு அழுதேன். வெட்கமெல்லாம் பார்க்கவில்லை. அம்மாவின் முடிவை மாற்ற ஆளே கிடையாது என்பது எனக்குத் தெரியும். அப்பா வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செய்தி கேட்டு மாமனார் மகனோடு ஓடி வந்தார். சரிந்து கீழே கிடந்த மண்ணில், உடையாமல் மிஞ்சியிருந்த வரம்புத் துண்டு ஒன்று அழகாகத் தெரிந்தது. அழுத கண்ணில் எனக்கு அது படவில்லை, அம்மாவும் அம்மனையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமனார் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. கலியாணம் நின்றால் உறவுகளுக்கும் சந்தோசம்தான். அவர் சால்வையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு அம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, அம்மன் இறங்கேல்லை. நான்தான் இறக்கினனான். கானை அடைச்சு வரம்பு கட்டினது நான்."

அம்மா மெதுவாக எழுந்தார். மலையடிக்குப் போய் அந்த வரம்புத் துண்டைத் தொட்டுப் பார்த்தார். திரும்பி வந்தவர் ஆரம்பித்தார் பாருங்கள், மலையுச்சியில் எந்த மடையனாவது வயல் செய்வானா என்று தொடங்கி, கண்டாவளை நெல்லை, அதன் தவிட்டை, அதைத் தின்கிற மாட்டைக்கூட விடவில்லை. மாமனார் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கோ காதில் தேன் பாய்ந்தது. தெய்வத்தின் மேல் போட்ட பழி ஒரு மனிதனின் தலையில் விழுந்துவிட்டது, மனிதனோடு சண்டை பிடித்துத் தீர்த்துக்கொள்ளலாம். அவ்வளவு நிம்மதி எனக்கு அதற்கு முன்பு வந்ததில்லை.

ஏச்சு ஓய்ந்ததும் மாமனார் கூடை எங்கே என்று கேட்டார். முதுகில் போட்டார். கயிறு நெற்றியில் நிற்காமல் மூக்குக்கு வழுகியது. பக்கத்தில் நின்ற மகன் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் மட்டும் கண்டேன். அம்மா கிட்டே போய், வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை மேலே தூக்கி வைத்து, கூடையில் மண்ணை அள்ளிப் போட்டார். சேறு சொட்டச் சொட்ட மாமனார் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கான் வெட்டத் தெரியாத வீட்டுக்கு ஒன்ன அனுப்புறேன். போயி நல்லாக் கத்துக்குடு."

கண்டாவளைச் சமதரையில் கான் வெட்டி என்ன செய்வது என்று நான் கேட்கவில்லை. ஓடிப்போய் இன்னொரு கூடையை எடுத்தேன்.