ரோட்டுப் பக்கம் ஜன்னல் இல்லாத வீடு

மாத்தளையில் வீட்டுப் பிளான் வரைந்து பிழைக்கிறவனுக்குக் கடலோடு என்ன வேலை என்று கேட்கலாம். எல்லாம் அக்காவால் வந்தது. எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் கடைவீதியை எரித்தபோது அத்தானின் புடவைக்கடையும் மேல்மாடியில் இருந்த அவர்கள் வீடும் சேர்ந்தே போயின. இருவரும் திருகோணமலைக்குப் போய், வாடகை வீடுகளில் காலம் தள்ளி, சமாதான காலத்தில் கடலோரம் ஒரு மேட்டுக் காணி வாங்கினார்கள். பிளான் என் தலையில் விழுந்தது.

அத்தான் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"எல்லாம் கடலைப் பார்க்கட்டும் மச்சான். ஹோல், குசினி, படுக்கிற ரூம், எல்லாம். ரோட்டுப் பக்கம் ஒரு ஜன்னல்கூட வேணாம்."

"வர்றது யாருன்னு பார்க்கவாவது ஒண்ணு வைங்க அத்தான்."

"அன்னைக்கு மாடி ஜன்னல்ல நின்னு வந்தவங்க மூஞ்சியை எல்லாம் பார்த்தோமே. பார்த்து என்ன செஞ்சோம்?"

எனக்கு எரிச்சல்தான். வீடா, கோட்டையா என்று முணுமுணுத்துக்கொண்டே வரைந்தேன். ரோட்டுப் பக்கம் முழுச் சுவர், ஒரு இரும்புக் கேட். கடல் பக்கம் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. சும்மா சொல்லக் கூடாது, அழகான வீடு. சுனாமித் தண்ணீர்கூட அந்த மேட்டில் ஏறவில்லை. அக்கா போன் எடுக்கும்போதெல்லாம் அன்றைய கடலின் நிறத்தைச் சொல்வாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு பயமில்லாமல் தூங்குகிறேன்டா என்பாள். கேட்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

மறுபடியும் சண்டை தொடங்கியது. ரோட்டில் போகிற ஆட்களை வாகனத்தில் தூக்கிப் போவதும் தொடங்கியது. ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கி வருகிறேன் என்று அத்தான் கேட்டைத் திறந்துகொண்டு போனார். கடைக்காரர், அவர் அங்கே வரவேயில்லை என்றார். வீட்டுக்கும் திரும்பவில்லை. அந்த நேரம் அக்கா குசினியில் வள்ளங்களைப் பார்த்தபடி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அலைச் சத்தத்தில் வேறெதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

நான் போய் அவளைப் பொலிஸுக்குக் கூட்டிச் சென்றேன். யாரோ பிடித்துப் போயிருக்கிறார்கள் என்றதும், என்ன வாகனம், எத்தனை பேர், என்ன உடுப்பு என்று அதிகாரி கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்றாள். வீட்டு வாசலில் நடந்ததை வீட்டில் இருந்தவள் பார்க்கவில்லையா என்றார். பிறகு, உங்கள் கணவர் சொல்லாமல் எங்காவது போயிருப்பார், வந்துவிடுவார் என்று அனுப்பிவிட்டார். அவரை அறைய வேண்டும் போலிருந்தது. அக்காவைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

பஸ் ஹோல்ட்டில் அக்கா அழவில்லை.

"ஒரு மூஞ்சி பார்த்திருந்தா போதும்டா," என்றாள். "அந்த ஆளைத் தேடிப் போயி, கால்ல விழுந்திருப்பேன்."