எண்ணெய் போட்ட கத்தி

தூத்துக்குடியில் என் முதல் மடக்குச் சவரக்கத்தியை வாங்கப் போன கடையில்தான் அந்த மீன்பிடிக்காரரைப் பார்த்தேன். ஒரு வாரத் தாடி. ஒவ்வொரு கத்தியையும் முன்கை ரோமத்தில் இழுத்துப் பார்த்தார்.

"மகனுக்கு, அண்ணாச்சி. கடலுக்குப் போயிட்டு வந்து வாங்கணும்னான். மத்த போட்டெல்லாம் வந்துட்டு. அவன் வரும்போது தாடி நெறைய வளந்திருக்கும்லா. போன்ல காட்டுனது இந்தக் கத்திதான்."

கடைக்காரர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "அது உப்புக்காத்துல துருப்பிடிச்சிரும். தினமும் எண்ணெய் போடணும். துருப்பிடிக்காதது இருக்கு, தரட்டுமா?"

"வேண்டாம். எண்ணெய் போடுதேன். அவனுக்குன்னு செய்ய எனக்கும் எதாச்சும் வேணும்லா."

துருப்பிடிக்காததை நான் வாங்கிக்கொண்டேன். காலையில் சவரம் முடித்து அதைத் துடைக்கும்போதெல்லாம் அவர் ஞாபகம் வருகிறது. இன்றைக்கும் எண்ணெய் போட்டிருப்பார்.