நான் வெட்டி எடுத்த கடைசிக் காட்சி

நான் கோவையில் விளம்பரப் பட எடிட்டர். கருமத்தம்பட்டி வேட்டி உற்பத்தியாளர் ஒருவருக்குப் படம் தொகுத்தேன். முடிவில் அவரும் மனைவியும் கும்பிட்டு நிற்பார்கள். எங்கள் பக்கம் முதலாளிகள் இப்படித் தோன்றுவது வழக்கம். அப்படியே ஒளிபரப்பானது.

எனக்கு அந்தக் காட்சி படத்தைக் கெடுப்பதாகப் பட்டது. அதை நீக்கி, தறி ஓட்டத்தோடு முடியும் வடிவத்தை என் இணையதளத்தில் வைத்தேன். அதுதான் ஒளிபரப்பானது என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

அதைப் பார்த்து ஒரு பெரிய விளம்பர நிறுவனம் வேலைக்கு அழைத்தது. பழைய வேலையை விட்டுவிட்டுச் சேர்ந்தேன். அவர்கள் அதே வேட்டிக்காரரை வாடிக்கையாளராக்க நினைத்து வரவழைத்தார்கள். "உங்க படத்தை எடிட் பண்ணவர் இப்ப நம்மகிட்டங்க" என்று மேலாளர் பெருமையாக என் இணையதளத்தைத் திறந்து படத்தை ஓட்டினார்.

"ஏனுங்க தம்பி, நானும் ஊட்டுக்காரியும் எங்கீங்க?" என்றார் அவர்.

"இது என் விருப்பத்துக்கு எடிட் பண்ணதுங்க."

"நாங்க நின்னது அத்தனை அசிங்கமாவாங்க இருந்துச்சு? அவ மூணு சேலை மாத்திக் கட்டிப் பாத்தாளுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

"எங்களையும் ஏமாத்திப்போட்டீங்களே" என்றார் மேலாளர். அன்றே வேலை போனது. பழைய இடத்தில் வேறு ஆள் வந்துவிட்டார்.

இப்போது என் இணையதளத்தில் ஒளிபரப்பான படத்தை மேலே வைத்திருக்கிறேன். என் வடிவம் கீழே, 'இது ஒளிபரப்பாகவில்லை' என்ற குறிப்போடு இருக்கிறது. பார்ப்பவர்கள் மேலே உள்ளதோடு நிறுத்திக்கொள்கிறார்கள் போலிருக்கிறது. இதுவரை யாரும் அழைக்கவில்லை.