வெர்னாவின் பெயரைத் தேய்த்தவர்கள்

வெர்னா பைபஸ் கோபக்காரி என்று எங்கள் ஊர் ஓட்லாந்ஸில் எல்லோரும் சொல்வார்கள். பல வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருக்கிறவன் நான். அவளுடைய கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கும். பண்ணை வாங்க வந்த ஆல்டஸ் விஷயத்தில் முழுக்க நியாயம்.

இப்போது அவள் தச்சு வேலை செய்கிறாள். சின்ன வயதில் பெலெரின் பண்ணையின் கம்பளிக் கொட்டகையில் கத்தரித்த ரோமத்தைப் பொறுக்கிப் போடும் வேலை. அந்தக் காலத்தில் கொட்டகைப் பக்கம் ஒரு பெண் தலை தெரிந்தால், வாசலில் நிற்பவன் "குளத்துல வாத்து!" என்று கத்துவான். உள்ளே இருப்பவர்கள் கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொள்ள அது ஜாடை. அங்கேயே வேலை செய்த வெர்னாவுக்கும் தினமும் காலையில் அந்தக் கத்தல்தான் வரவேற்பு. அதிகமாகக் கத்தியவன் ஆர்ச்சி நீல்.

ஒரு பருவத்தில், மிஷின் பிடித்து ஆட்டு ரோமம் வெட்டுகிற கத்தரிக்காரன் ஒருவன் குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். பட்டியில் ஆடுகள் காத்து நின்றன. மாற்று ஆள் இல்லை. "அந்த மிஷின இங்க குடுங்க" என்று வெர்னா போய் நின்றாள். சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் சிரிப்பு குறைந்தது. பருவம் முடிவதற்குள் அடியோடு நின்றது. கடைசி நாள் எல்லோரும் கொட்டகையின் உத்தரத்தில் பெயர் எழுதிவிட்டுப் போவது வழக்கம். ஆர்ச்சி தன் பெயரைக் கத்தியால் செதுக்கினான். பிறகு ஆட்டுக்கு அடையாளம் போடுகிற பெயிண்டை எடுத்து, யாரும் சொல்லாமலே, பக்கத்தில் வெர்னாவின் பெயரை எழுதினான். சில வருஷத்தில் டிராக்டர் கவிழ்ந்து அவன் செத்துப்போனான்.

போன வருஷம் பண்ணை கைமாறியது. சிட்னியிலிருந்து வந்த ரூபர்ட் ஆல்டஸ் வாங்கினார். சாய்ந்து நின்ற கொட்டகையைப் பிரித்துப் போட்டுப் பக்கத்தில் புதிது கட்டினார்கள். பண்ணை வீட்டின் முன்னறையில் கணப்புக்கு மேலே பழைய உத்தரம் ஒன்றைப் பதிக்க வேண்டும் என்று வெர்னாவைக் கூப்பிட்டார். "எதை வேணா எடுத்துக்கங்க" என்றார். அவள் எதை எடுத்திருப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒளிக்கவில்லை. "இதுல கத்தரிக்காரங்க பேரெல்லாம் இருக்கு. முன்பக்கம் தெரியற மாதிரி வைக்கட்டுமா?" என்று போனில் கேட்டாள். "அட, பிரமாதம்! அதுதான் வேணும்" என்றார் அவர்.

மரத்தைத் தூக்க நான் போனேன். ஆணிகளைப் பிடுங்கினாள். புழுக்கையையும் கம்பளி எண்ணெயையும், பெயிண்டில் படாமல், பல் தேய்க்கும் பிரஷ்ஷால் எடுத்தாள். கல்சுவரின் இடுக்குப் பார்த்துத் துளைத்து, இரும்புக் கம்பிகளைப் பசை வைத்துச் செருகி, மறுநாள் வரை இறுக விட்டாள். உத்தரத்தின் முதுகில் அதே அளவுக்குத் துளைகள். தீயின் வெக்கை மரத்தைப் பிடிக்காதபடி ஒரு முழம் உயரத்தியே வைத்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிக் கம்பிகளில் செருகித் தள்ளினோம்; பாதி தூரம் போனதும் உத்தரம் சிக்கிக்கொண்டது.

"தள்ளு டெஸ்! மரத்துக்கு முத்தமா குடுக்கற?"

"என் இடுப்பு போச்சு."

"அது போயி ரொம்ப நாளாச்சு. தள்ளு!"

டக்கென்று உட்கார்ந்தது. ரசமட்டத்தை வைத்தாள், குமிழி நடுவில் நின்றது. ஆர்ச்சியின் எழுத்தை விரலால் ஒரு தடவை தொட்டுவிட்டுக் குப்பையைக் கூட்டினாள்.

அடுத்த வாரம் ஆல்டஸ் கூப்பிட்டனுப்பினார். கருவிப் பெட்டியோடு போனாள். நானும் கூடப் போனேன்.

"வேலை ரொம்ப நல்லாருக்கு வெர்னா. ஆனா வீட்டுக்கு வர்றவங்க, இவங்கல்லாம் யாருன்னு கேக்கறாங்க."

"யாருன்னு சொல்லுங்க."

"எனக்கே தெரியாதே."

"எனக்குத் தெரியும். உக்காருங்க, சொல்றேன்."

"வேணாம் வேணாம். இதையெல்லாம் தேச்சு எடுத்துடுங்க. நடுவுல ஆல்டஸ்னு செதுக்கி, கீழ கொட்டகை கட்டின வருஷத்தைப் போட்டுடுங்க."

"அந்த வருஷம் உங்க குடும்பம் எங்க இருந்துச்சு?"

"அட, அது ஒரு அழகுக்குத்தானே."

"இங்க ஒரு ஆட்டைக்கூடப் பிடிக்காதவங்க பேரு, அழகுக்கா?"

"மரம் என்னுது, வெர்னா."

"மரம் உன்னுது. பேரு உன்னுதில்ல."

திறக்காத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

ஹோபார்ட் நகரத்திலிருந்து தச்சன் ஒருவன் வந்து பெயர்களை உப்புத்தாள் மிஷினைப் போட்டுத் தேய்த்துவிட்டு, ஆல்டஸ் குடும்பத்தின் பெயரைச் செதுக்கிக் கொடுத்துப் போனான். நான்தான் அவளிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி பாத்திரத் தொட்டியில் போய் விழுந்தது.

"என் பேரு கிடக்கட்டும் டெஸ். அது ஆர்ச்சி கையெழுத்துடா. செத்தவன் மறுபடி வந்து எழுதுவானா?"

ஊருக்கு விஷயம் தெரிந்தது. கத்தரிக்கும் பருவம் வந்தபோது, ஊர்க் கத்தரிக்காரர் குழுவின் தலைவன் டூகல் ஹர்ட்டை ஆல்டஸ் போனில் கூப்பிட்டார். "எங்க பேரு உங்க வீட்டுக்கு ஆகாதுன்னா எங்க கையும் ஆகாது" என்று அவன் போனை வைத்துவிட்டான். மற்ற குழுக்களும் வரவில்லை. வெயில் ஏறியது. ரோமம் கனத்த ஆடுகளின் பின்பக்கத்தில் ஈ மொய்த்துப் புழு வைத்தது.

ஊரில் பலருக்கு உள்ளூரச் சந்தோஷம். வெர்னாவுக்கு இல்லை. ஒருநாள் வேலியோரம் வண்டியை நிறுத்திப் பார்த்தாள். ஆடுகள் காலை உதைத்துக்கொண்டு தங்கள் தொடையையே கடித்துக்கொண்டிருந்தன. நேராக மதுக்கடைக்குப் போனாள்.

"டூகல், பேரை ஆடாடா தேச்சுச்சு?"

"உனக்காகத்தானே வெர்னா நிக்கிறோம்."

"எனக்காக ஒரு ஆட்டையும் புழு தின்ன வேணாம். நாளைக்கே போங்க."

அங்கிருந்து ஆல்டஸிடம் போனாள். "ஆளுங்க வருவாங்க. உத்தரத்தை நான் இறக்கி எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

"சுவரு மொட்டையா நிக்குமே!"

"நிக்கட்டும்."

அவள் போட்ட கம்பியிலிருந்து அவளே உருவி எடுத்தாள். புதுக் கொட்டகையை ஒட்டி, கத்தரிக்காரர்கள் சாப்பிடுகிற குடிசையில், விறகடுப்புக்கு மேலே, ஆல்டஸ் பெயர் சுவரைப் பார்க்கும்படி திருப்பிப் பதித்தோம். கீழ் விளிம்பில், மிஷின் எட்டாத இடத்தில், ஆழமாகச் செதுக்கிய பழைய பெயர்களின் சில எழுத்துகள் மட்டும் தழும்பு போலத் தெரிந்தன. பெயிண்ட் பெயர்கள் சுத்தமாகப் போயிருந்தன.

டூகல் பெயிண்ட் டப்பாவை நீட்டினான். "போடு உன் பேரை."

"நான் எழுதினா அது வெறும் பேரு. அன்னைக்கி ஆர்ச்சி எழுதினான், அதுதான் கணக்கு. மூடி வை."

ஆட்டு வேலை முடிந்த அன்று, தேநீர் நேரத்தில் ஆல்டஸ் ஒரு தட்டு கேக்கோடு குடிசைக்கு வந்தார். வெர்னாவும் அங்கே இருந்தாள். அவர் வெர்னாவிடம் மெல்ல, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார்.

"தப்பாத்தான் எடுத்துக்கிட்டேன்" என்றாள் அவள்.

எங்கள் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால், வணக்கத்துக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலையாவது தூக்காமல் யாரும் கடப்பதில்லை. ஆல்டஸ் இப்போது முழுக் கையையும் தூக்குகிறார். வெர்னா இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போகிறாள்.