நூல்கண்டு எடுத்த இன்சூரன்ஸ்

என் நாத்தனாரை வீட்டில் நூல்கண்டு என்றுதான் கூப்பிடுவோம். ஆள் குட்டை, கொஞ்சம் உருண்டை, உடுப்பில் எங்காவது ஒரு நூல் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் வைத்தது அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்தில் அவளுக்கு ஒரு தையல் கடை. ஒரு மெஷின், துணி வெட்ட ஒரு மேசை, சுவரோரம் கொடியில் தொங்கும் திரைச்சீலைகளும் பள்ளிச் சீருடைகளும். கடை அவ்வளவுதான். அவளும் அவள் மகளும் எங்கள் மாடி அறையில் இருக்கிறார்கள்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய். கல்யாணமான பிறகு அதை நேரில் பார்த்த மாப்பிள்ளை, வேலை தேடிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். குழந்தை அப்போது தவழ்ந்துகொண்டிருந்தது. இன்னும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை போலிருக்கிறது. இவள் கொஞ்ச நாள் அழுதாள், பிறகு மெஷின் வாங்கினாள். நரம்பு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் காலையும் மாலையும் தவறாமல் போடுகிறாள். ஆண்டவன் கருணை, வலிப்பு வந்து சில வருஷம் ஆகிறது.

போன வருஷம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தன் பெயரில் ஒரு ஆயுள் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த நான், இப்போது எதற்கு அந்தப் பேச்சு என்றேன். நாக்கில் நல்ல வார்த்தை வரட்டும் என்று கடிந்துகூடக் கொண்டேன்.

“எனக்கு ஏதாவது ஆயிட்டா அண்ணன் என் பொண்ணைக் கைவிட மாட்டாரு அண்ணி. அதுதான் எனக்குப் பயமே,” என்றாள். “செய்யறவங்க தலையிலயே எல்லாத்தையும் ஏத்திட்டுப் போகக் கூடாது.”

சரி, கேட்டுப் பார் என்றேன்.

அவள் முதலில் போய்க் கேட்ட கம்பெனி, வலிப்பு என்ற சொல் காதில் விழுந்ததுமே கையை விரித்துவிட்டது. இரண்டாவதாக ஒரு ஏஜென்ட் அகப்பட்டார். கால்சட்டை நீளத்தைக் குறைக்கக் கடைக்கு வந்தவர் அவர். நல்ல மனிதர்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். நோயைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் அக்கா, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றாராம். இவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாளாம்.

“நான் செத்த அன்னிக்கு அதைக் கண்டுபிடிப்பாங்க தம்பி. அப்போ பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன், என் பொண்ணுதான் நிப்பா. இருக்கறதை இருக்கற மாதிரி எழுதுங்க.”

அப்படியே எழுதினார்கள். டாக்டரும் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று சான்று கொடுத்தார். அவள் உண்மையை எழுதியது எனக்கு நிம்மதியாக இருந்தது. இனி கடவுள் பார்த்துக்கொள்வார் என்று இருந்தேன். ஆனால் கடவுளுக்கும் கம்பெனிக்கும் நடுவில் எங்கள் சந்து ஒன்று இருப்பதை நான் மறந்துவிட்டேன்.

கம்பெனியிலிருந்து ஒருவர் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தார். ஒல்லியான ஆள், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பேசுவாராம். நூல்கண்டு சீருடை கொடுக்கப் பள்ளிக்கூடம் போயிருந்தாள், நான் வீட்டில் இருந்தேன். அவர் முதலில் பக்கத்துக் கடையில் மாற்றுச்சாவி போட்டுத் தரும் சாவிக்காரரிடம் கேட்டிருக்கிறார். சாவிக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல், அந்த அம்மாவுக்கு நோயா, கல்லைத் தின்றாலும் செரிக்கும் உடம்பாயிற்றே என்றிருக்கிறார். எதிரே டீக்கடைக்காரம்மா அதற்கும் ஒரு படி மேலே போய், தலைவலி என்றுகூட அவள் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் டீ குடிக்க அங்கே வந்து சேர்ந்தார். எங்கள் வம்சத்தில் ஜலதோஷம்கூடக் கிடையாது என்று சொன்னாராம். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தும்மல் போட்டாராம்.

நோய் இல்லாதவர்களுக்குத்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும் என்பது அவர்கள் நினைப்பு. அவள் தன் கையாலேயே நோயை எழுதிக் கொடுத்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? மூன்று பேரும் பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியில் இருந்தார்கள். டீக்கடைக்காரம்மா அன்று நூல்கண்டிடம் டீக்குக் காசு வாங்கவில்லை.

சில நாள் கழித்து ஏஜென்ட் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். மனு நின்றுவிட்டது. நோய் இருக்கிறது என்று மனுவில் இருக்கிறது, அப்படி ஒன்றுமே இல்லை என்று தெரு சொல்கிறது. ஒரு தெருவே சேர்ந்து மறைத்தால் உள்ளே இன்னும் பெரிதாக ஏதோ இருக்க வேண்டும் என்று மேலதிகாரி நினைக்கிறாராம். விசாரணைக்காரர் இன்னொரு முறை வருவார், அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் மனுவைத் தள்ளிவிடுவார்கள் என்றார்.

நூல்கண்டு அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணனை மட்டும் ஒரு பார்வை பார்த்தாள். அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார்.

மறுநாள் அவளோடு நானும் போனேன். கடை கடையாக ஏறி, எனக்கு வலிப்பு இருக்கிறது என்று தயவுசெய்து சொல்லுங்கள் என்று கேட்டாள். இப்படி ஒரு உதவியை யார் கேட்டிருப்பார்கள்? சாவிக்காரர் நெளிந்தார். இத்தனை வருஷமாக அவள் காதுபட அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, இப்போது எப்படி வாயில் வரும் என்றார். டீக்கடைக்காரம்மா துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்காரர் வந்தார். தையல் கடையில்தான் எல்லோரும் நின்றோம். அவர் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மனதுக்குள் ஆண்டவனைக் கூப்பிட்டேன்.

நூல்கண்டுதான் பேசினாள். “எனக்கு வலிப்பு இருக்கு சார். இவங்க எல்லாருக்கும் தெரியும். நான் இங்கேயே விழுந்திருக்கேன், இவங்கதான் தூக்கியிருக்காங்க. என் மேல இருக்கற பாசத்துல பொய் சொல்லிட்டாங்க.”

அவள் வாயாலேயே அதைக் கேட்டதும் சாவிக்காரருக்குத் தொண்டை திறந்தது. அவள் முதல் தடவை விழுந்தபோது, எல்லோரும் சொல்கிறார்களே என்று இரும்புச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தாராம். அதனால் பிரயோசனம் இல்லை, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகு, தன் கடையில் அவளுக்காக ஒரு தலையணை வாங்கி வைத்திருக்கிறாராம். வெகு நாளாக அதற்கு வேலை வரவில்லை, மத்தியானத்தில் நான்தான் தலைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றார்.

டீக்கடைக்காரம்மாவும் ஆரம்பித்தாள். “காலையில இவ மாத்திரை போட்டாளான்னு பார்த்துட்டுத்தான் சார் நான் முதல் டீயே ஊத்துவேன். மறந்துட்டான்னு வைங்க, டீ கிடையாது. கேட்டுப் பாருங்க.”

நூல்கண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அந்த அம்மா டீ கொடுக்கத் தாமதம் செய்வது சோம்பலால் என்றுதான் அவள் இத்தனை காலமும் எங்களிடம் குறைபட்டுக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்காரர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். “அப்போ உங்க வம்சத்துல ஜலதோஷம்?”

“அது உண்டு சார்,” என்றார் இவர். அந்த ஒல்லி மனிதரும் அப்போது சிரித்துவிட்டார்.

கம்பெனி ஒப்புக்கொண்டது. நோய்க்காகக் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டித்தான் போட்டார்கள். ஏஜென்ட் அதைச் சொல்லத் தயங்கினார். அவளோ, கெட்டித் துணிக்குக் கூலி அதிகம் வாங்குவதில்லையா, அது மாதிரிதான் என்று சொல்லிவிட்டு, ஒரு திரைச்சீலை ஆர்டர் கூடுதலாக எடுத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. மகளை உட்கார வைத்து, எது எங்கே இருக்கிறது, யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண், சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே பாடப் புத்தகத்தில் கண்ணாக இருந்தாள்.

பத்திரம் இப்போது என் அலமாரியில் இருக்கிறது. அதை வைத்த அன்று, நீ கிழவியாகிப் பல்லெல்லாம் போன பிறகும் இதற்குப் பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவள் எதிரிலேயே கைகூப்பி வேண்டிக்கொண்டேன்.

“அப்படி வேண்டிக்கிட்டா லாபம் கம்பெனிக்குத்தான் அண்ணி,” என்றாள் அவள்.

இருக்கட்டும், அவர்களும் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லி அலமாரியைச் சாத்தினேன்.